பழவேற்காட்டு மணலில் ஒரு நட்பு ஆட்டம்

கால்பந்து என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? பச்சைப் புல்வெளி, கண்ணைப் பறிக்கும் விளக்குகள், நள்ளிரவில் ஒளிபரப்பாகும் ஐரோப்பிய ஆட்டங்கள், அவற்றைக் காண உறக்கம் கெட்டு விழித்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், இவைதாமே? நுழைவுச் சீட்டும் கோப்பையும் பரிசுத் தொகையும் இல்லாத ஓர் ஆட்டத்தைக் காண இம்மாதம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்த ஆட்டத்தில் வென்றது யார் என்பது இன்று அந்த ஊராருக்கே மறந்திருக்கக்கூடும். ஆனால் அன்று அங்கே நடந்த ஒன்றை நான் மறக்கவில்லை.

சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால், ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் பொன்னேரி வந்துவிடும். ஆரணி ஆற்றங்கரையில் அமைந்த பழைய ஊர் அது. அங்கிருந்து பேருந்தில் கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டும். வயல்கள் கடந்து, திருப்பாலைவனம் கடந்து, காற்றில் உப்பின் வாடை ஏறத் தொடங்கும்போது பழவேற்காடு வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். பொன்னேரியிலிருந்து 20 கிலோமீட்டர் அளவுதான்.

பெருநாள் கழிந்து சில நாட்களில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர் அழைத்திருந்தார். “இறால் சாப்பிட வரச் சொல்லவில்லை, பாய். ஓர் ஆட்டம் நடக்கிறது. நல்லபடியாக முடிய வேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. வெளியூர்க்காரர் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கொஞ்சம் அடக்கமாக இருப்பார்கள்” என்றார். ஒரு பந்தாட்டத்திற்கு இத்தனை கவலையா என்று எண்ணியபடியேதான் புறப்பட்டேன்.

ஏரியும் ஊரும்

ஆட்டத்திற்கு முன் ஊரைச் சற்றுப் பார்த்துவிடுவோம். பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. தென்முனையே நம்முடையது. கண்ணுக்கு எட்டிய தூரம் நீர் பரந்து கிடந்தாலும் அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல்திட்டு. அதன் வடபகுதியான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் நம் நாட்டு விண்கலங்கள் புறப்படுகின்றன. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதும் அங்கிருந்துதான்.

ஊருக்குள் சென்றால் நானூறு ஆண்டு வரலாறு காலில் தட்டுப்படும். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையை எழுப்பினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. பின்னர் தலைமை நாகப்பட்டினத்திற்குச் சென்றது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று கோட்டையின் இடத்தில் புதர் மண்டிய மேடுகளே எஞ்சியுள்ளன. எலும்புக்கூடு செதுக்கிய நுழைவாயிலுடன் டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் நிற்கிறது.

முஸ்லிம்கள் இங்கே தொன்றுதொட்டு வாழ்ந்து வருகிறார்கள். அரபு நாட்டிலிருந்து கடல் வழியாக வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் என்று தங்களைப் பற்றிக் கூறிக்கொள்கிறார்கள். பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் இரண்டும் ஊரின் அடையாளங்கள். சின்னப் பள்ளிவாசலில் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் சூரிய கடிகாரம் ஒன்று உண்டு. இவ்வூர்ப் பெண்களின் விரல்கள் பனையோலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் பெயர் பெற்றவை. போர்த்துக்கீசியர் காலத்துத் தொடர்புடைய மகிமை மாதா ஆலயமும், மீனவர் குப்பங்களின் அம்மன் கோயில்களும் அருகருகே இருக்கின்றன. காலையில் ஏலத்திற்கு வரும் நண்டையும் இறாலையும் எல்லாத் தெருவினரும்தான் வாங்குகிறார்கள்.

ஆட்டத்தின் முன்கதை

ஏரிப் பாலத்தைக் கடந்து கடற்புறம் சென்றோம். குப்பங்களுக்கு நடுவே ஒரு மணற்பரப்பு. பகலில் வலை உலர்த்துவார்கள். கருவாடு காயும். மாலையில் அதுவே ஆட்டக்களம். தொலைவில், இன்னும் நாடு திரும்பாத பூநாரைகள் சில ஏரி நீரில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன.

நண்பர் அப்போதுதான் விஷயத்தை விளக்கினார். ஊர்ப்பக்கத்து அணி ஒன்று, குப்பத்து அணி ஒன்று. சென்ற கோடையில் இவ்விரண்டும் ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தில் மோதியிருக்கின்றன. பொழுது சாயும் நேரத்தில் ஒருவன் உதைத்த பந்து கம்பத்தை ஒட்டிப் பறந்தது. உள்ளே சென்றது என்றார்கள் சிலர், வெளியே சென்றது என்றார்கள் வேறு சிலர். கம்பத்தில் வலை கட்டியிருக்கவில்லை. பேச்சு முற்றிக் கைகலப்பாயிற்று. ஒரு பையனுக்கு நெற்றியில் தையல் போட நேர்ந்தது. மறுநாள் மீன் ஏலத்திலும் முகம் கொடுத்துப் பேசாத நிலை. பந்துச் சண்டை தெருச் சண்டையாக மாற எத்தனை நேரம் ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? ஜமாஅத்துப் பெரியவர்களும் குப்பத்துப் பஞ்சாயத்தாரும் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள். ஓராண்டுக்கு இவ்விரு அணிகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

அந்த ஓராண்டு முடியும் தறுவாயில், கோடைப் போட்டிகள் தொடங்கும் முன்பாக, ஒரு நட்பு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும் என்று அனுமதித்திருந்தார்கள். நல்லபடியாக முடிந்தால் இரண்டு அணியும் கோடையில் ஆடலாம். இல்லையேல் இந்தக் களத்தில் இனிப் பந்தே உருளாது, வலை உலர்த்த மட்டுமே இடம். என் நண்பரின் கவலைக்குக் காரணம் இதுதான்.

நான்கு பாகம்

இம்முறை இரு கம்பங்களிலும் வலை கட்டியே தீர வேண்டும் என்பது பெரியவர்களின் நிபந்தனை. கடையில் விற்கும் கோல் வலைக்குப் பணம் ஏது? சவுக்குக் கழிகளை நட்டு, பழைய மீன்வலையைப் போர்த்தியிருந்தார்கள். கம்பங்களுக்கு இடையே எத்தனை அகலம் என்று நான் கேட்டேன். “நாலு பாகம்” என்றார் ஒரு மீனவர். இரு கைகளையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை வரும் நீளம் ஒரு பாகம். ஏறத்தாழ ஆறடி. அனைத்துலகக் கால்பந்து விதியின்படி கோலின் அகலம் 7.32 மீட்டர், அதாவது 24 அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக நான்கு பாகம்தான்! லண்டனில் அளவுகோல் கொண்டு அளப்பதை இவர்கள் கைவிரித்து அளந்துவிட்டார்கள்.

கோலுக்கு வலை கட்டும் வழக்கமே ஒரு சச்சரவிலிருந்து பிறந்தது என்பது உங்களில் பலருக்கு வியப்பளிக்கலாம். இங்கிலாந்தில் 1889-ல் எவர்டன் அணி ஆடிய ஓர் ஆட்டத்தில் பந்து கோலுக்குள் சென்றதா இல்லையா என்று பெரும் தகராறு எழுந்தது. அதைக் கண்ட ஜான் அலெக்சாந்தர் பிரோடி என்னும் லிவர்பூல் நகரப் பொறியாளர், கம்பத்தின் பின்னே வலை கட்டினால் வழக்குத் தீருமே என்று எண்ணினார். 1891 முதல் வலை ஆட்டங்களில் இடம்பெறத் தொடங்கியது. இன்றைக்கும் வலை கட்டியே தீர வேண்டும் என்று ஆட்ட விதி வற்புறுத்துவதில்லை. கட்டலாம் என்றுதான் சொல்கிறது. ஆயினும் மனிதர் மனத்தை அறிந்தவர்கள் கட்டிவிடுகிறார்கள்.

வெறுங்கால் வீரர்கள்

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்தவர்களும், வலையை ஒதுக்கிவிட்டு வந்த குப்பத்தாரும் கோட்டின் இருபுறமும் அமர்ந்தார்கள். பெண்கள் சிலர் வீட்டு வாசல்களில் நின்றே பார்த்தார்கள். ஒரு பெரியவர் மடியில் வலையைப் போட்டுக்கொண்டு, கண் ஆட்டத்திலும் கை ஊசியிலுமாக இருந்தார். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் நடுவர். பாதிக்கு 30 நிமிடம், மஃக்ரிப் பாங்குக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஆட வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் காலணி இல்லை. அதைக் கண்டு பரிதாபப்பட வேண்டாம். மணலில் வெறுங்காலே வசதி. அதற்கு நம் நாட்டில் பெருமைமிகு வரலாறும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். 2-1 என்ற கணக்கில் தோற்றாலும், நம் தரப்பின் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அதற்கும் முன், 1936-ல் கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தின் வீரர் முகம்மது சலீம், ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செல்டிக் சங்கத்திற்காகக் காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றி ஆடி அந்நாட்டாரை அசர வைத்தார். அந்த முகம்மதன் ஸ்போர்ட்டிங் சங்கமே 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக் போட்டியில் வாகை சூடியது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், அந்த லீக்கை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே. நம் தமிழகத்திலும் காயல்பட்டினம், குமரிக் கடற்கரையின் தூத்தூர், வடசென்னையின் வியாசர்பாடி என்று பந்தோடு வளர்ந்த ஊர்கள் பல இருக்கின்றன.

ஊதல் ஒலித்தது. முதல் பத்து நிமிடம் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. யாரும் யாரையும் நெருங்கவில்லை. மோதிவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம். பந்து தன் விருப்பம்போல் உருண்டது. பின்னர் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் இடறி விழ, குப்பத்துப் பையன் கைகொடுத்துத் தூக்கினான். அவ்வளவுதான், கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. அதன் பிறகே ஆட்டம் ஆட்டமாயிற்று. இடைவேளையில் ஊர்ப்பக்கம் இரண்டு கோல், குப்பம் ஒன்று.

கிழிந்த வலை

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் அது நடந்தது. குப்பத்து அணியின் உயரமான பையன் ஒருவன், பதினெட்டு வயதிருக்கும், வலப்புறமிருந்து ஓங்கி உதைத்தான். பந்து மின்னலாகச் சென்றது. கோல்காப்பாளன் பாய்ந்தான், எட்டவில்லை. மறுகணம் பந்து வலைக்குள் கிடந்தது. நடுவர் கோல் என்று கை காட்டினார். குப்பத்துத் தரப்பு ஆரவாரித்தது.

கோல்காப்பாளன் மட்டும் எழுந்து, “இல்லை சார், வெளியே போச்சு சார்” என்று கத்தினான். அவன் தோழர்கள் ஓடி வந்தார்கள். கோட்டின் இருபுறமும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். சென்ற ஆண்டும் இப்படித்தான் தொடங்கியது என்று நண்பர் என் காதில் முணுமுணுத்தார். அவருடைய கை என் தோளைப் பற்றியிருந்தது. அது நடுங்கியதை உணர்ந்தேன்.

அப்போது, கோல் போட்ட அந்தப் பையனே வலையருகே சென்றான். கம்பத்தை ஒட்டிக் குனிந்து, வலையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு நடுவரைப் பார்த்து, “சார், கோல் இல்லை. வெளிப்பக்கம் கண்ணி அறுந்திருக்கு. பந்து அந்தக் கிழிசல் வழியாத்தான் நுழைஞ்சிருக்கு” என்றான்.

ஒரு கணம் காற்றின் ஒலி மட்டும்தான் கேட்டது. அவனுடைய அணித்தோழன் ஒருவன், “உனக்கு ஏண்டா இந்த வேலை?” என்று பல்லைக் கடித்தான். பையன் பதில் சொல்லவில்லை. கோட்டருகே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கையை நீட்டினான். அவர் ஊசியையும் நூலையும் தூக்கிப் போட்டார். அங்கேயே மணலில் மண்டியிட்டு, அறுந்த கண்ணிகளை ஒன்றோடொன்று முடிந்தான். பிறந்தது முதல் பழகிய விரல்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே போனதாகச் சொல்லி வாதாடிய கோல்காப்பாளன், அவன் முடிவதற்கு வசதியாக வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தான்.

நடுவர் தம் தீர்ப்பை மாற்றினார். கோல் உதை கொடுக்கப்பட்டது. ஆட்டம் 2-1 என்றே முடிந்தது. குப்பத்து அணி தோற்றது.

வாசகர்களே, இதைச் சிறுபிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். 2013 அக்டோபர் 18 அன்று ஜெர்மனியின் முதன்மை லீக்கில் லெவர்குசன், ஹோஃபன்ஹைம் அணிகள் ஆடிய ஆட்டத்தில் இதே நிகழ்ச்சி நடந்தது. ஸ்டெஃபான் கீஸ்லிங் என்னும் வீரர் தலையால் முட்டிய பந்து பக்க வலையின் கிழிசல் வழியே உள்ளே புகுந்தது. நடுவர் கோல் கொடுத்தார். லெவர்குசன் 2-1 என்று வென்றது. ஆட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்ற முறையீடு தள்ளப்பட்டது. பந்து புகுந்த விதத்தைத் தாம் சரியாகக் காணவில்லை என்று அவ்வீரர் கூறினார். அவரைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. பல்லாயிரம் பேர் கூடிய அரங்கில், விலையுயர்ந்த வலையில், படக்கருவிகள் சூழ நிகழ்ந்த பிழை நிலைத்துவிட்டது. பழவேற்காட்டு மணலில், பழைய மீன்வலையில் நிகழ்ந்த பிழை இரண்டு நிமிடத்தில் தைக்கப்பட்டுவிட்டது. சென்று பார்க்க ஒருவன் முன்வந்தான், அதுதான் வேறுபாடு.

முறை

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனிடம் சென்று, “தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் ஏன் தம்பி சொன்னாய்?” என்று கேட்டேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான். “பாட்டுல பொய் சொன்னா மறுநாள் எப்படிங்க ஏரியில இறங்குறது?” என்றான். எனக்குப் புரியவில்லை. நண்பர்தான் விளக்கினார்.

ஏரியில் மீன்பிடிக்க இவர்களிடையே பாடு என்றொரு முறை வழிவழியாக உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகச் சொந்தமில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு. காவலரும் வேலியும் இல்லாத நீர்ப்பரப்பில் இந்த முறை நிற்பது ஒருவர் சொல்லை மற்றவர் நம்புவதால்தான். பாட்டில் இடம் இல்லாதவர்களின் மனக்குறைகளும் அதனால் எழும் வழக்குகளும் இல்லாமல் இல்லை. ஆயினும் அம்முறைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு, பிறர் பங்கைத் தன்னுடையது என்று சொல்வது எத்தகைய குற்றம் என்பது யாரும் பாடம் நடத்தாமலே தெரிந்திருக்கிறது.

அன்றைய ஆட்டத்திலும் அந்த முறையைக் கண்டேன். நட்பு ஆட்டமாதலால், வந்திருந்த அத்தனை பிள்ளைகளையும் மாற்றி மாற்றி இறக்கினார்கள். தடித்த உடம்புடன் ஓட முடியாமல் ஓடிய ஒரு சிறுவனுக்கும், அடுத்த வாரம் துபாய்க்கு வேலைக்குப் போகவிருந்த ஓர் இளைஞனுக்கும் பத்துப் பத்து நிமிடம் கிடைத்தது. அவ்விளைஞன் களத்தை விட்டு வரும்போது குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினான், பிறகு யாரோ பார்ப்பதை உணர்ந்து உதறிவிட்டான். கோப்பைக்கான ஆட்டத்தில் இவர்களுக்கு இடம் கிடைத்திருக்குமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதலில் அன்னையார் வென்றதும், பின்னொரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் வென்று, முன்னதற்கு இது ஈடு என்று கூறியதும் அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ள செய்தி. தோற்றவர் மீண்டும் ஓடலாம், வென்றவர் மனம் கோணாமல் ஏற்கலாம் என்னும் பண்பு விளையாட்டிற்கு எத்தனை அழகு சேர்க்கிறது!

மஃக்ரிப் பாங்கு ஒலித்தது. எலுமிச்சைச் சர்பத் குடித்த குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகளில் யார் எந்த அணி என்று அடையாளம் காண முடியவில்லை. சட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜமாஅத்துப் பெரியவரும் குப்பத்துப் பஞ்சாயத்துக்காரரும் தனியே நின்று சில நிமிடம் பேசினார்கள். பிறகு ஜமாஅத்துப் பெரியவர் நண்பரை அழைத்து, “கோடைக்குப் பெயர் கொடுத்துடுங்க. ஆனால் வலையை மட்டும் முதல் நாளே பார்த்துடுங்க” என்றார். நண்பர் முகத்தில் அன்றுதான் முதன்முதலாகச் சிரிப்பைக் கண்டேன்.

வாசகர்களே, நீங்களும் ஒருமுறை பழவேற்காடு சென்று வாருங்கள். டச்சுக் கல்லறையைப் பாருங்கள், பூநாரைகளைப் பாருங்கள், நம் சகோதரிகள் பின்னிய ஓலைப் பெட்டி ஒன்றை வாங்கி வாருங்கள். மாலையில் நேரம் இருந்தால் பாலத்தைக் கடந்து அந்த மணற்பரப்பில் சற்று அமருங்கள். உங்கள் ஊருக்குத் திரும்பியதும், நம் பிள்ளைகளுக்கு ஓடியாட ஓர் இடம் இருக்கிறதா, அதில் பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் ஒரு முறை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கேனும் வலை கிழிந்திருந்தால், அது யார் பக்கத்துக் கிழிசல் என்று வாதாடிக்கொண்டிராமல், ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.